சீட்டுப் பணத்தில் வாங்கிய வீடும், அங்கே வளர்ந்த காதல் பாட்டும்

ரெகே என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது பாப் மார்லி, சடைமுடி, புரட்சி. அதனால் 'ரொமான்டிக் ரெகே' என்று ஒரு தொகுப்பு சிடி கண்ணில் பட்டால், யாரோ கல்யாண ரிசப்ஷனுக்காகச் சேர்த்துப் போட்ட சரக்கு என்றுதான் தோன்றும். அப்படி இல்லை மக்களே. இந்த வகைப் பாட்டுக்கு 'லவர்ஸ் ராக்' என்று பெயர். பிறந்த ஊர் ஜமைக்கா இல்லை, லண்டன். பெற்றவர்கள் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள். கதையில் கொஞ்சம் வங்கி விவகாரமும் வருகிறது என்பதால் சொல்ல எனக்கும் பாத்தியதை உண்டு :-)

1948 ஜூனில் 'எம்பயர் வின்ட்ரஷ்' கப்பல் லண்டன் பக்கம் டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதைத் தொடர்ந்து ஆயிரக்கணக்கான கரீபியர்கள் பஸ், ரயில், ஆஸ்பத்திரி வேலைகளுக்கு வந்தார்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. 'கறுப்பர்களுக்கு இல்லை' என்று வாசலிலேயே எழுதி வைப்பார்கள். அதைச் சட்டம் தடுத்தது 1968-ல்தான். வீட்டுக் கடன் கேட்டுப் போனாலும் பெரும்பாலும் கையை விரிப்புதான்.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சீட்டுப் போட்டார்கள்! ஊரிலிருந்தே கொண்டுவந்த பழக்கம், பெயர் 'பார்ட்னர்'. வாராவாரம் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி, முறை வைத்து ஒருவர் முழுத்தொகையையும் எடுப்பார். நம் ஏலச்சீட்டு மாதிரி தள்ளுபடி கிடையாது. சீட்டுப் பிடிப்பவரை அவர்கள் 'பேங்கர்' என்றே கூப்பிட்டார்கள். நிஜ பேங்கர்கள் செய்யாததை இவர் செய்தார். அந்தப் பணத்தை முன்பணமாகக் கட்டிப் பல குடும்பங்கள் பிரிக்ஸ்டன் போன்ற இடங்களில் வீடு வாங்கின.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1970-களில் நகரத்து டான்ஸ் கிளப்புகள் பலவற்றில் கறுப்பு இளைஞர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். சரி, வீட்டிலேயே ஆடுவோம் என்று முன்னறையில் இருந்த சோபாவைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, பீரோ உயரத்துக்கு ஸ்பீக்கர்களை நிறுத்தினார்கள். 'ப்ளூஸ் பார்ட்டி' என்று பெயர். சாப்பிட ஆட்டுக்கறி. அந்தக் கறி, 1845-லிருந்து கூலிகளாக ஜமைக்கா போன இந்தியர்கள் விட்டுவந்த ருசி.

அங்கே ஒலித்த ரெகே பெரும்பாலும் ஆண்களின் போராட்டப் பாட்டு. பெண் பிள்ளைகள் தங்கள் மனசையும் சொல்ல விரும்பினார்கள். 1975-ல் லூயிசா மார்க் என்ற பள்ளிக்கூடப் பெண் பாடிய 'காட் யூ இன் எ லை' தொடங்கி வைத்தது. அடுத்த இரண்டு வருடங்களில், தென்கிழக்கு லண்டனில் டென்னிஸ் ஹாரிஸ் ஆரம்பித்த இசைத்தட்டு லேபிளுக்கே 'லவர்ஸ் ராக்' என்று பெயர் வைத்தார்.

இந்த இசையை வளர்த்த முக்கியமான ஆள் டென்னிஸ் பொவெல். பார்படாஸில் பிறந்து 12 வயதில் லண்டன் வந்தவர். 1974-ல் இவர் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்த கிளப்பில் போலீஸ் புகுந்தது. கைகலப்பில் இவர் மீது வழக்கு. ஆறு மாதம் சிறையில் இருந்து, அப்பீலில் வெளியே வந்தார். அந்த மனுஷர் எழுதி, ஜேனட் கே பாடிய 'சில்லி கேம்ஸ்' 1979-ல் பிரிட்டிஷ் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தது. கோபப்பட எல்லாக் காரணமும் இருந்த ஒருவர் கொடுத்தது ஒரு காதல் பாட்டு.

1981 ஜனவரி 18. நியூ கிராஸில் ஒரு வீட்டில் பிறந்தநாள் பார்ட்டி. தீப்பிடித்து 13 இளம் பிள்ளைகள் இறந்தார்கள். 1981, 2004 இரண்டு மரண விசாரணைகளிலும் காரணம் முடிவாகவில்லை. வெளியே இடமில்லாததால் ஆடிய வீடும் பத்திரமில்லை என்றானபோது அந்தப் பெற்றோர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

தொகுப்பு ஆல்பத்தின் அருமை இங்கேதான். இந்தப் பாட்டுகளில் பல, சின்னக் கம்பெனிகள் போட்ட ஒற்றைத் தட்டுகள். தெருமுனைக் கடைகளில் விற்றவை. அந்த விற்பனை பட்டியல் கணக்குக்கே போகவில்லை, ரேடியோவும் அதிகம் சீந்தவில்லை. 1990-களில் ஜெட் ஸ்டார் நிறுவனத்தின் 'ப்யூர் லவர்ஸ்' போன்ற தொகுப்பு வரிசைகள் இந்தக் காதல் ரெகேயைத் தொடர்ந்து வீடுகளுக்குக் கொண்டுபோயின. எங்கள் பாஷையில் சொன்னால், யாரும் பதியாத வரவை ஏற்றி வைத்த லெட்ஜர். 2020-ல் ஸ்டீவ் மெக்வீன் 'லவர்ஸ் ராக்' என்றே படம் எடுத்தார். அதில் தட்டு நின்றபிறகும் கூட்டம் 'சில்லி கேம்ஸ்' பாடிக்கொண்டே இருக்கும். பார்க்காதவர்கள் பாருங்கள்.

எனக்குப் பட்டது இதுதான். பெற்றோர் சீட்டுக் கட்டி ஒரு கூரை கொடுத்தார்கள். பிள்ளைகள் அதன் கீழே, ஊர்ப் பாட்டும் இல்லாமல் வந்த இடத்துப் பாட்டும் இல்லாமல், மூன்றாவதாக ஒன்றைப் பாடினார்கள். அகமதாபாத்திலும் புனேயிலும் வளரும் நம் பிள்ளைகளும் பாதித் தமிழ், பாதி வேறு மொழியில் ஏதாவது முணுமுணுத்தால், "ஒழுங்கா தமிழ்ல பாடு" என்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்போமே.