சாத்தன்

சாத்தன் என்பது சங்க காலத்திலிருந்து சோழர் காலம் வரை தமிழகத்தில் பரவலாக வழங்கிய ஆண்பாற்பெயர். இதன் பெண்பால் வடிவம் சாத்தி. புலவர், வணிகர், ஊர்கிழார், படைத்தலைவர், கோயில் எடுப்பித்தவர் என எல்லாத் தரப்பிலும் சாத்தன்கள் இருந்திருக்கிறார்கள். பழந்தமிழ்ப் பெயர்களில் ஆதன், பூதன், கொற்றன் ஆகியவற்றுக்கு இணையான செல்வாக்கு இதற்கு உண்டு. இன்று தனிப்பெயராக அரிது. சாத்தப்பன், சாத்தையா என்ற வடிவங்களில் வாழ்கிறது.

இப்பெயருக்குக் கிடைத்த பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று எகிப்தைச் சேர்ந்தது. செங்கடற்கரையில் குசைர் அல்-காதிம் என்னும் இடத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரை அகழாய்வு நடத்தினர். ரோமானியர் மியோஸ் ஹோர்மோஸ் என்று அழைத்த துறைமுகம் அதுவே என்பது பின்னர் உறுதியானது. அங்கே கிடைத்த இரண்டு பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்தில் இரண்டு பெயர்கள் கீறப்பட்டிருந்தன. ஒன்று கணன், மற்றொன்று சாதன். காலம் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டு. சாதன் என்பது சாத்தனே. ஒற்றை இரட்டிக்காமல் எழுதுவது அக்கால வழக்கம். மிளகும் துணியும் ஏற்றிச் சென்ற கப்பலோடு போன ஒருவன், தன் பானை பிறர் பானையோடு கலந்துவிடக் கூடாதென்று பெயரைக் கீறி வைத்தான் என்று கொள்வதில் தவறில்லை.

கப்பலேறியவன் பெயர் சாத்தன் என்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. சாத்து என்றால் வணிகக் கூட்டம். பொதிமாடுகளோடும் கழுதைகளோடும் காவல் வீரரோடும் பெருவழிகளில் சென்ற வணிகர் திரளைச் சங்க நூல்கள் அப்படித்தான் குறிக்கின்றன. வடமொழியில் இதற்கு நிகரான சொல் சார்த்த. சாத்தன் என்ற பெயரை இதனோடு இணைப்பது ஒரு விளக்கம். மற்றொன்று, ஆசான் அல்லது ஆள்பவன் என்று பொருள்படும் சாஸ்தா என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது. அமரகோசம் புத்தரின் பெயர்களுள் ஒன்றாக இதைத் தருகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி 1940இல் வெளியிட்ட ‘பௌத்தமும் தமிழும்’ நூலில் இந்த இரண்டாம் விளக்கத்தை விரித்து, ஐயனார் கோயில்கள் பல ஒரு காலத்தில் பௌத்தக் கோயில்களாக இருந்தவை என்றும் வாதிட்டார். எது சரி என்று அடித்துச் சொல்ல முயல்வது வீண் வேலை. பிராகிருதத்தின் வழியாக வரும்போது இரண்டு சொற்களும் ஏறக்குறைய ஒரே ஒலியைப் பெற்றுவிட்டன. பாலி மொழியில் சத்த என்றால் வணிகக் கூட்டம், சத்தா என்றால் ஆசான். பிள்ளைக்குப் பெயர் வைத்த தகப்பன்மார் இந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனின் தந்தை மாசாத்துவான். பெயரே பெருவணிகத் தலைவன் என்று சொல்கிறது. மகன் கொலையுண்ட செய்தி வந்ததும் அவர் செல்வத்தையெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டு, பௌத்த விகாரத்தை அடைந்து துறவு பூணுகிறார். சாத்தும் சாஸ்தாவும் அந்த ஒரே மனிதரின் வாழ்க்கையில் அடங்கிவிடுகின்றன.

பெயர் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்கு இலக்கண உரைகளே சாட்சி. வடமொழி இலக்கணிகளுக்குத் தேவதத்தன் எப்படியோ அப்படித்தான் தமிழ் உரையாசிரியர்களுக்குச் சாத்தனும் கொற்றனும். எழுவாய் வேண்டுமா, வேற்றுமைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா, சாத்தன் வந்து நிற்பான். பெயர்களின் புணர்ச்சியைச் சொல்லும்போது, சாத்தன் என்பதோடு தந்தை சேர்ந்தால் சாத்தந்தை ஆகும் என்பார்கள். ஆதன் என்பதோடு சேர்ந்தால் ஆந்தை. கோப்பெருஞ்சோழனின் நண்பர் பிசிராந்தையாரின் பெயர் இந்த வழியில் வந்ததே. இதைவிடச் சுவையானது விரவுப்பெயர் பற்றிய பகுதி. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவான பெயர்களைத் தொல்காப்பியம் தனியே பேசுகிறது. சாத்தன் வந்தான் என்றால் மனிதன், சாத்தன் வந்தது என்றால் எருது என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். வீட்டுக் காளைக்கும் வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே பெயர் இருந்திருக்கிறது. அதை எவரும் இழிவாக நினைக்கவில்லை.

சங்கப் புலவர்களில் சாத்தனார்கள் பலர். ஊர்ப்பெயரோ அடைமொழியோ இல்லாமல் அவர்களைப் பிரித்தறிய முடியாது. பேரிசாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், மோசி சாத்தனார், தொண்டி ஆமூர்ச் சாத்தனார், கருவூர்க் கதப்பிள்ளைச் சாத்தனார் என்று பெயர்கள் நீள்கின்றன. ஒக்கூரிலிருந்து மாசாத்தனார் ஒருவர், மாசாத்தியார் ஒருவர். ஒரே ஊர், ஒரே பெயர், பால் மட்டும் வேறு. பெருந்தலைச் சாத்தனார், தம்பியிடம் நாட்டை இழந்து காட்டிலிருந்த குமணனைத் தேடிப் போனவர். தன் தலையைக் கொண்டுபோய்ப் பொருள் பெற்றுக்கொள் என்று குமணன் வாளை நீட்டிய கதை அவரோடு சேர்ந்தது. புரவலர்களிலும் சாத்தன்கள் உண்டு. பாண்டியன் கீரஞ்சாத்தன் ஒருவன். பிடவூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் மற்றொருவன். ஒல்லையூர்கிழான் மகன் பெருஞ்சாத்தன் இறந்தபோது குடவாயிற் கீரத்தனார் பாடியது புறநானூற்றின் 242ஆம் பாட்டு. சூடவும் கொய்யவும் ஆளில்லாத நாட்டில் நீயும் பூத்தாயா என்று முல்லையைப் பார்த்துக் கேட்கும் அந்தச் சிறிய பாட்டு, இப்பெயருடைய எந்த மனிதனுக்கும் கிடைத்த நினைவுச் சின்னங்களில் மிக உயர்ந்தது என்பேன்.

எல்லோரும் அறிந்த சாத்தன், மணிமேகலை பாடிய மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார். கூலவாணிகன் என்றால் தானிய வணிகர். இங்கும் பெயரும் தொழிலும் கைகோத்து நிற்கின்றன. சிலப்பதிகாரப் பதிகத்தின்படி, கோவலன் கண்ணகி வரலாற்றை இளங்கோவடிகளுக்குச் சொன்னவர் இவரே. பிழையான பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டு, சீழ் வடிந்த தலையர் ஆனதால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உண்டு. சீத்தலை என்பதை ஊர்ப்பெயராகக் கொள்வதே பொருத்தம்.

சாத்தன் தெய்வப் பெயரும்கூட. ஐயனாரைச் சாத்தன், சாத்தா, சாஸ்தா என்று அழைப்பது பழைய வழக்கம். சிவன் சாத்தனை மகனாகக் கொண்டவன் என்று 7ஆம் நூற்றாண்டில் அப்பர் பாடுகிறார். அதற்கும் முந்தைய வடிவம் சிலப்பதிகாரத்தின் பாசண்டச் சாத்தன். மாற்றாள் குழந்தைக்கு மாலதி என்பவள் பால் ஊட்ட, பால் விக்கிக் குழந்தை இறந்துவிடுகிறது. பழிக்கு அஞ்சிய அவள் புகாரின் கோயில்களையெல்லாம் சுற்றிப் பாசண்டச் சாத்தன் கோயிலில் கிடக்கிறாள். இடாகினிப் பேய் பிணத்தைப் பறித்துத் தின்றுவிடுகிறது. இரங்கிய சாத்தன் தானே குழந்தையாகி அவள் கையில் வருகிறான். வளர்ந்து, கற்று, பெற்றோருக்குரிய கடன்களையெல்லாம் முடித்து, தேவந்தி என்பவளை மணந்து எட்டாண்டு வாழ்கிறான். பிறகு தன் தெய்வ வடிவத்தைக் காட்டி, என் கோயிலுக்கு வா என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுகிறான். தேவந்தியோ கணவன் தீர்த்தமாடப் போனதாக ஊருக்குச் சொல்லிக்கொண்டு கோயிலே கதியென்று இருக்கிறாள். கண்ணகியின் தோழி அவள்.

இடைக்காலக் கல்வெட்டுகளில் தந்தை பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக எழுதுவது வழக்கம். வேள்விக்குடிச் செப்பேட்டில் பாண்டியனைத் தமிழில் புகழ்ந்தவனாக வரும் சாத்தஞ்சாத்தன், சாத்தன் மகன் சாத்தன். புதுக்கோட்டை நார்த்தாமலையில் குடைவரை எடுப்பித்தவன் சாத்தன் பழியிலி. அங்கே மண்டபம் சேர்த்த அவன் மகள் பழியிலி சிறியநங்கை. அதே மலையில் விஜயாலய சோழீச்சரம் என்று இன்று பெயர்ப்பலகை தாங்கிய கோயிலைக் கட்டியவன் சாத்தன் பூதி என்கிறது அங்குள்ள கல்வெட்டு. அது மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவன் புதுப்பித்தான். முத்தரையராகக் கருதப்படும் அந்தச் சாத்தன் மகனின் பெயரும் பலகையில் ஏறியிருக்க வேண்டும்.

சேர நாட்டில் இப்பெயர் வேறு பாதையில் போயிற்று. மலபாரில் சாத்து, சாத்துண்ணி என்ற வடிவங்கள் பல சாதிகளிலும் வழங்கின. ஒடுக்கப்பட்ட மக்களிடையே சாத்தன் என்ற பெயரே மிகுதி. பறையி பெற்ற பன்னிருகுலக் கதையில் வரும் அகவூர் சாத்தன், நம்பூதிரி ஒருவரின் வேலையாள். பரப்பிரம்மம் எப்படி இருக்கும் என்று அவன் கேட்க, நம்முடைய எருமைக்கடா மாதிரி இருக்கும் என்று நம்பூதிரி கேலியாகச் சொல்கிறார். சாத்தன் அதையே நம்பித் தியானிக்க, எருமைக்கடா அவன்முன் தோன்றிற்றாம். மந்திரவாத மரபின் குட்டிச்சாத்தனும் கேரளத்துக்கே உரியவன்; 1984இல் வெளிவந்த இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான ‘மை டியர் குட்டிச்சாத்தன்’ அவனைக் குழந்தைகளின் தோழனாக்கியது.

விவிலியத் தமிழின் சாத்தான், எபிரேய மொழியிலிருந்து வந்த வேறொரு சொல். ஒலி ஒற்றுமை சாத்தனுக்கு நன்மை செய்யவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்களுக்கு அந்தப் பகுதியின் சாஸ்தா வழிபாடு தெரிவதில்லை. பெரியபுராணத்தில் திருமூலர் புகுந்த உடல் சாத்தனூர் இடையன் மூலனுடையது. தென்பெண்ணையின் குறுக்கே அணை கட்டிய ஊரும் சாத்தனூர்தான்.

மக்கட்பெயராக இது இன்று உயிரோடிருப்பது பெரும்பாலும் தென்மாவட்டங்களில். சிவகங்கை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளில் குலதெய்வத்தை ஒட்டிச் சாத்தையா என்று வைக்கிறார்கள். நகரத்தார் வீடுகளில் சாத்தப்பன் பழகிய பெயர். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் அதைத் தலைமுறை தாண்டிக் கொண்டுவந்திருக்கிறது.