கயிற்றின் மேல்நுனி

மொரப்பூர் கடல் பாராத ஊர். சென்னையிலிருந்து ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்குச் செல்லும் இருப்புப்பாதையில் ஒரு நிலையமாகவும், 1906-ஆம் ஆண்டு தொடங்கி 1941 வரையில் தருமபுரிக்கும் பின்னர் ஓசூர் வரைக்கும் இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் ஓடிய சிறு ரயிலுக்குப் புறப்பாட்டு இடமாகவும் விளங்கிய இவ்வூரில், ஜலம் என்பது பெரும்பாலும் பாறையைக் குடைந்து இறங்கித் தேட வேண்டிய பொருள். ஆகவே, எங்கள் பிராயத்துப் பிள்ளைகளுக்குச் சமுத்திரம், குளம், ஆறு எல்லாமே கிணறுதான். முற்றிக் காய்ந்த சுரைப்புருடையை முதுகில் கயிற்றால் இறுகக் கட்டி, மாமனோ சித்தப்பாவோ படிக்கட்டிலிருந்து தள்ளிவிட, மூக்கில் ஏறிய நீரோடு மூச்சுத் திணறி மேலே வரும்போது, உள்ளே அடைபட்ட காற்று ஓர் ஆளைத் தாங்கும் என்ற பௌதிக உண்மையைப் புத்தகம் காணுமுன்பே நாங்கள் கற்றுக்கொண்டோம்.

அதே கிணற்றில் கோடையில் தூர் வாருவார்கள். அடியில் இறங்கியவனின் குரல் சுவர்களில் மோதிச் சிதறி மேலே வந்து சேருமுன் பொருளிழந்துவிடும். ஆதலால் அவன் கயிற்றைச் சுண்டுவான், கரையில் நிற்பவர் இழுப்பார். ஆழத்தில் இருப்பவன் தன் இருப்பையும் தேவையையும் மேலுள்ளோர்க்கு எவ்வாறு அறிவிப்பது என்ற இந்தப் பிரச்சினை, கிணற்றைவிடக் கடலில் பன்மடங்கு கடினமானது. அதற்கு மனிதன் கண்ட விடைகளின் சரித்திரம் நம் தென்கடலிலேயே நீண்டு கிடக்கிறது.

கொற்கைக் காலந்தொட்டுப் புகழ்பெற்ற மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், கால் வைக்க ஒரு கல், சிப்பி சேர்க்க ஒரு வலைப்பை, இரண்டுக்கும் தனித்தனிக் கயிறு, இவையே கருவிகள். அரபு நாட்டுக் குளியாளர் மூக்கில் கவ்வி மாட்டிக்கொள்ள, நம் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் விரல்களாலேயே மூக்கைப் பற்றிக்கொண்டு, 5 முதல் 10 பாகம் (ஃபாதம்) ஆழத்திலுள்ள, பார் எனப்படும் சிப்பித் திட்டுக்குக் கல்லோடு இறங்குவார்கள். கால் தரையில் பட்டதும் படகிலிருப்பவர்கள் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு நிமிஷம் சிப்பி பொறுக்கிய பிறகு குளியாளன் கயிற்றை அசைப்பான். படகிலிருப்பவன் அவனையும் பையையும் தூக்குவான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இக்கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, சுறாக்களின் வாயை மந்திரத்தால் கட்டுவோருக்குக் கிடைத்த சிப்பியில் இருபதில் ஒரு பங்கு வழங்கப்பட்டதைக் குறிக்கிறார். கடற்கட்டி எனப்பட்ட அந்த மாந்திரிகனுக்குப் பங்கு இருந்தது. ஆனால் குளியாளனின் பிராணன் உண்மையில் யாருடைய உள்ளங்கையில் இருந்ததென்றால், கயிற்றின் மேல்நுனியைப் பற்றி நின்றவனுடைய உள்ளங்கையில்தான்.

ஆங்கிலேயர் ஆட்சியில் முத்துக்குளிப்பு அரசாங்கக் காரியமானபோது, சிப்பி எடுக்க அனுமதித்த பரப்பைக் கொடி கட்டிய மிதவைகளால் எல்லை குறித்தனர். அம்மிதவை இடத்தைச் சொன்னதேயன்றி ஆளைச் சொல்லவில்லை. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்து முடிந்தது. அதற்கு முன்னரே, 1943-இல், பிரான்ஸில் ழாக் குஸ்தோவும் எமில் காஞ்ஞானும் காற்றை முதுகில் சுமந்து செல்லும் அக்குவாலங் கருவியை உருவாக்கியிருந்தார்கள். குளியாளன் கயிற்றிலிருந்து விடுதலை பெற்றான். விடுதலை பெற்ற கணமே மேலுள்ளோர் கண்ணுக்கு மறைந்தும் போனான்.

அந்த மறைவை நீக்க வந்ததுதான் இன்று ஸ்கூபா வீரர்கள் சுருட்டி எடுத்துச் செல்லும் ஆரஞ்சு நிற மிதவைக்குழாய். ஏறுமுன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிஷம் தங்கும் வழக்கத்தை ஒட்டியோ, அதற்கும் கீழிருந்தோ, உருளையில் சுற்றிய நூலின் நுனியில் இக்குழாயை மாட்டி, வாயாலோ உபரிச் சுவாசக் கருவியாலோ காற்றுப் புகட்டி மேலே விடுகிறார்கள். இங்கே 1662-இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி குறுக்கிடுகிறது: 10 மீட்டர் ஆழத்தில் புகட்டிய காற்று மேற்பரப்பை அடைகையில் இருமடங்காகவும், 20 மீட்டரில் புகட்டியது மும்மடங்காகவும் விரியுமாதலால், அடியில் நிரம்பப் புகட்டுவது அறியாமை, கொஞ்சமாகப் புகட்டினாலே மேலே அது நிமிர்ந்து நிற்கும். உருளையை உடம்போடு பிணைத்துக்கொள்வதும் கூடாது. நூல் சிக்கினால், விரையும் மிதவை ஆளையும் மேலே இழுத்துச் செல்ல, மூச்சை அடக்கியவனின் நுரையீரல் கிழியவும் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழிக்கவும் கூடும். ஆகவே நூல் சிக்கிய மறுகணம் உருளையைக் கைவிட்டுவிட வேண்டும் என்பதே பயிற்சியின் முதல் பாடம்.

சுரைப்புருடை, கயிறு, கொடி மிதவை ஆகிய மூன்றின் வேலையையும் இந்தக் குழாய் ஒன்றே செய்கிறது. எனினும் ஒரு வித்தியாசம் உண்டு. பழைய கயிற்றின் மேல்நுனியில் ஒரு மனிதன் இருந்தான். புதிய நூலின் மேல்நுனியில் காற்று மட்டுமே இருக்கிறது. அதைக் காணப் படகில் ஒருவன் விழிப்போடு இல்லையேல், அலைமேல் நிற்கும் அந்த ஆரஞ்சுக் குழாய் வெறும் துணிதான். எங்கள் ஊரில் தூர் வாரும்போது, உள்ளே ஆள் இருக்கும்வரை கரையில் நிற்பவர் பீடி பற்றவைக்கவும் கயிற்றைக் கைமாற்ற மாட்டார். கடலுக்குச் செல்லும் இளைஞர்கள் மிதவையோடு கூட, அப்படிப்பட்ட ஓர் ஆளையும் படகில் விட்டு இறங்குவார்களாக.