ஏவல் நிலையினின்று ஏறியவர்

குறள் என்பது குறுகிய உருவினரைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். கூனரும் குறளரும் அரண்மனையில் ஏவல் செய்தமையைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. அந்நிலை நம் திரையுலகிலும் நெடுநாள் நீடித்தது. குறளுருவினர் ஓரிரு காட்சிகளில் தோன்றி, நகைப்புக்கு இடமாகி மறைவர்.

1989-ஆம் ஆண்டு வெளிவந்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்தை ஐதராபாத்தில் வாழும் நம்மவருள் சிலர் 'விசித்ர சோதருலு' என்னும் தெலுங்கு வடிவிலும் கண்டிருப்பர். அப்புவின் காதலுக்கும் துயருக்கும் நாம் உருகினோம். ஆயினும், அப்புவாக நடித்தவர் கமல்ஹாசன். உண்மையான குறளுருவினரோ அவரைச் சூழ்ந்த சர்க்கஸ் குழுவினராகவே நின்றனர்.

அந்நிலையைக் கடந்தவர் கேரளத்து அஜயகுமார். அவர்தம் உயரம் 76 சென்டிமீட்டர். பலகுரல் மேடைகளில் பயின்ற அவர், 2005-இல் வினயன் இயக்கிய 'அத்புத த்வீப்' மலையாளப் படத்தில் கதைத் தலைவராகிக் கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றார். 'கின்னஸ் பக்ரு' எனப் பெயரும் பெற்றார். 2006-இல் தமிழில் 'டிஷ்யூம்' படத்தில் நாயகனின் தோழராக வந்தார். 2013-இல் 'குட்டீம் கோலும்' என்னும் படத்தைத் தாமே இயக்கினார். ஏவல் கேட்கும் மரபினின்று ஏவும் இடத்துக்கு ஏறினார்.

மருத்துவ அல்லது மரபுக் காரணத்தால் 147 சென்டிமீட்டருக்கு மேல் வளராமையை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. சட்டம் உரிமையைத் தரும். மதிப்பை நாமன்றோ தரல் வேண்டும்? நம் பிள்ளைகள் நடிக்கும் சங்க மேடையிலேனும் குறளுருவம் நகைப்பொருள் ஆகாதிருக்கட்டும்.