தலசீமியா: ரத்தம் ஏற்றுவதும் மஜ்ஜை மாற்றுவதும்

பீட்டா தலசீமியா மேஜர் பிறவியிலேயே வரும் ரத்த நோய். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியை உண்டாக்கும் மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அந்த மரபணுவின் பழுதான பிரதி தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாகப் பிள்ளைக்கு வந்து சேரும்போது நோய் உண்டாகிறது. பெற்றோர் இருவருக்கும் எந்தக் கோளாறும் தெரியாது. ஒரு பிரதி மட்டும் பழுதானவர்களை ‘தலசீமியா மைனர்’ என்பார்கள். அவர்களுக்கு லேசான சோகை இருக்கலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு உண்டு. கருவில் வேறு வகை ஹீமோகுளோபின் வேலை செய்வதால் பிறக்கும்போது குழந்தை நன்றாகவே இருக்கும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் முகம் வெளுத்து, பால் குடிக்கச் சோர்ந்து, வயிறு உப்பத் தொடங்கும். 1925-இல் டெட்ராய்ட் நகரக் குழந்தை மருத்துவர் தாமஸ் கூலி இந்த நோயைத் தனியாக அடையாளம் காட்டியதால் ‘கூலி சோகை’ என்ற பெயரும் இதற்கு உண்டு.

சிகிச்சைக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உள்ளன. ஆயுள் முழுதும் ரத்தம் ஏற்றி, அதனால் சேரும் இரும்பை மருந்தால் வெளியேற்றிக்கொண்டிருப்பது ஒன்று. வேறொருவரின் எலும்பு மஜ்ஜையைச் செலுத்தி நோயையே நீக்குவது மற்றொன்று. முதல் வழியில் அன்றாட ஆபத்து குறைவு, ஆனால் அதற்கு முடிவு கிடையாது. இரண்டாவது வழி சில மாதங்களில் முடிந்துவிடும், ஆனால் அந்தச் சில மாதங்களில் பிள்ளையை இழக்கவும் நேரலாம். இந்த இரண்டில் ஒன்றைப் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் விதமே இக்கட்டுரையின் பொருள். மாற்று சிகிச்சைக்குக் கையெழுத்துப் போடும் நாளில்தான் முடிவு எடுக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ரத்தம் ஏற்றும் வார்டிலும் வீட்டு மாத்திரை டப்பாவிலும் அந்த முடிவு பாதி எடுக்கப்பட்டுவிடுகிறது.

தொடங்கும் முன்

வெளுத்த குழந்தைக்கு முதலில் இரும்புச்சத்து டானிக் எழுதித் தருவது வழக்கம். தலசீமியாவில் அது பயன் தராது. இரும்பு அதிகமாவதே இந்த நோயின் பெரும் தொல்லை என்பதால் கெடுதலும் கூட. எச்.பி.எல்.சி. என்னும் ஹீமோகுளோபின் பரிசோதனை நோயை உறுதிப்படுத்தும். முதல் யூனிட் ரத்தம் ஏறுவதற்கு முன்பே ரத்த மாதிரியை எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு பிள்ளையின் ரத்தத்தோடு கொடையாளியின் ரத்தமும் கலந்து முடிவைக் குழப்பிவிடும். சிவப்பணுக்களின் விரிவான வகை நிர்ணயத்தையும் அப்போதே செய்துகொள்வது நல்லது. பின்னாளில் உடல் ஏற்ற ரத்தத்தை எதிர்க்கத் தொடங்கினால், பொருத்தமான ரத்தம் தேட இந்தக் குறிப்புதான் உதவும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் உடனே ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. இரண்டு வாரம் இடைவெளி விட்டு இருமுறை பார்த்தும் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே நின்றாலோ, வளர்ச்சி தடைபட்டாலோ, கன்னத்து எலும்பு துருத்தி முக அமைப்பு மாறினாலோ தொடர்ந்து ஏற்றத் தொடங்குவார்கள். பீட்டா தலசீமியாவோடு ஹீமோகுளோபின் ஈ என்ற வகை சேர்ந்த பிள்ளைகள் சிலர் பல ஆண்டுகள் ரத்தமில்லாமலே வளர்ந்துவிடுகிறார்கள். வங்காளத்திலும் அசாமிலும் இலங்கையிலும் இந்த வகை அதிகம். இலங்கையில் இதற்கான பெரிய சிகிச்சை மையம் குருநாகலில் உள்ளது. ஒருமுறை தொடங்கிவிட்ட ரத்தத்தை நிறுத்துவது எளிதல்ல. அதனால் ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்று மருத்துவர் சொன்னால் அதை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரத்தமும் இரும்பும்

இரண்டு முதல் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த ரத்தம் ஏறும் முன் ஹீமோகுளோபின் 9 முதல் 10.5 கிராம் வரை இருக்கும்படி ஏற்றுவதே இன்றைய முறை. அப்படிச் செய்தால் பிள்ளை பள்ளிக்குப் போகும், விளையாடும், எலும்பு கோணாது, மண்ணீரல் வீங்காது. பார்ப்பவர்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

ஆனால் ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் தானாக வெளியேற்றக்கூடியது நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிகிராம். மூன்று வாரத்துக்கு ஒரு யூனிட் வீதம் ஏற்றினால் ஓராண்டில் சுமார் மூன்றரை முதல் நான்கு கிராம் இரும்பு சேரும். நல்ல உடல்நலமுள்ள பெரியவர் ஒருவரின் உடம்பில் மொத்தமாக இருப்பதே அவ்வளவுதான். மிஞ்சும் இரும்பு முதலில் கல்லீரலிலும், பிறகு நாளமில்லாச் சுரப்பிகளிலும் இதயத்திலும் படிகிறது. உயரம் நின்றுபோகும், பருவமடைவது தள்ளிப்போகும், சர்க்கரை நோய் வரும். தலசீமியாவில் மரணத்துக்கு முதல் காரணம் இதயத்தில் படிந்த இரும்பே.

பத்து, இருபது முறை ரத்தம் ஏறியதும், அல்லது உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு 1000-ஐத் தாண்டியதும் இரும்பை வெளியேற்றும் மருந்தைத் தொடங்குகிறார்கள். டெஸ்ஃபெரியாக்சமின் ஊசியை வாரத்தில் ஐந்து இரவாவது, எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம், தோலுக்கடியில் சிறு பம்ப் மூலம் செலுத்த வேண்டும். தூங்கும் குழந்தையின் வயிற்றில் ஒவ்வோர் இரவும் ஊசி குத்துவது எத்தனை தாய்மார்களால் முடியும்? 1990-களின் நடுவில் டெஃபெரிப்ரோன் என்ற மாத்திரை உலகிலேயே முதலில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ‘கெல்ஃபர்’ என்ற பெயரில் தலசீமியா வீடுகள் எல்லாம் அதை அறியும். சிறுநீர் செந்நிறமாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் வெள்ளணுக்கள் திடீரெனக் குறையக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனையை விடவே கூடாது, காய்ச்சல் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளுக்கு ஒருமுறை கரைத்துக் குடிக்கும் டெஃபெராசிராக்ஸ் பின்னர் வந்தது. இதற்குச் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கண்காணிக்க வேண்டும். மருந்தை முறையாக எடுத்தவர்கள் நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டி வாழ்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஆகவே மஜ்ஜை மாற்றாதவர்களைக் கைவிடப்பட்டவர்களாகப் பேசுவது தவறு.

மஜ்ஜை மாற்று

தலசீமியாவுக்கு மஜ்ஜை மாற்று 1981-இன் இறுதியில் அமெரிக்காவின் சியாட்டிலிலும் இத்தாலியின் பெசாரோவிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொடங்கியது. பெசாரோவில் குய்டோ லுகரெல்லி நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இதைச் செய்தார். எந்தப் பிள்ளை பிழைக்கிறது, எது பிழைக்கவில்லை என்று கூர்ந்து பார்த்ததில் மூன்று காரணங்கள் தெளிவாயின. கல்லீரல் விலாவுக்குக் கீழே 2 சென்டிமீட்டருக்கு மேல் வீங்கியிருப்பது, கல்லீரலில் நார்த்தழும்பு இருப்பது, இரும்பு வெளியேற்றும் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விட்டது. மூன்றும் இல்லாதவர்கள் முதல் வகுப்பு, ஒன்றோ இரண்டோ உள்ளவர்கள் இரண்டாம் வகுப்பு, மூன்றும் உள்ளவர்கள் மூன்றாம் வகுப்பு. 1990-இல் அவர் குழு வெளியிட்ட முடிவுகளில், மிகக் குறைந்த ஆபத்துள்ள பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைத்தார்கள். மிக அதிக ஆபத்துள்ளவர்களில் பிழைத்தவர்கள் அறுபது அளவில்தான். மூன்று காரணங்களுமே ரத்தம் ஏற்றிய ஆண்டுகளில் நடந்தவற்றின், நடக்காமல் போனவற்றின் விளைவு. மாத்திரையைத் தவறாமல் கொடுத்த வீடு, பின்னாளில் வரப்போகும் மாற்று சிகிச்சையைத் தெரியாமலே பாதுகாப்பானதாக ஆக்கிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் தலசீமியாவுக்கான மஜ்ஜை மாற்று வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986-இல் தொடங்கியது. அங்கே வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் தாமதமாக, சரியாக மருந்து எடுக்காமல், பெரிய கல்லீரலோடு வந்தவர்கள். அவர்களையெல்லாம் மூன்றாம் வகுப்பு என்று ஒன்றாகக் கட்டிவைப்பது போதவில்லை. ஏழு வயதைக் கடந்து, கல்லீரல் 5 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தவர்களை வேலூர் மருத்துவர்கள் மிக அதிக ஆபத்துள்ள தனிக் குழுவாகப் பிரித்தார்கள். இப்பிரிவை வெளிநாட்டு மருத்துவமனைகளும் எடுத்துக்கொண்டன. பழைய மஜ்ஜையை அழிக்கக் கொடுக்கும் முன்தயாரிப்பு மருந்தாகப் புசல்ஃபானுக்குப் பதில் ட்ரியோசல்ஃபானைக் கொடுத்தபோது, இந்தக் குழுவில் பாதிக்கும் குறைவாக இருந்த பிழைப்பு விகிதம் நூற்றுக்கு எண்பதைத் தாண்டியது. தமிழ்நாட்டு மருத்துவத்தில் பெருமைப்படத்தக்க ஒன்று இது.

பொருத்தம்

பெற்றோர் முதலில் கேட்பது ‘மேட்ச் இருக்கா?’ என்பதைத்தான். எச்.எல்.ஏ. என்னும் திசு அடையாளம் 6-ஆம் குரோமோசோமில் உள்ளது. உடன்பிறந்தவரோடு அது முழுவதும் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. அந்த உடன்பிறப்புக்கு நோய் இல்லாதிருக்க நான்கில் மூன்று வாய்ப்பு. இரண்டையும் பெருக்கினால் பதினாறில் மூன்று. தலசீமியா மைனராக இருப்பவர் கொடையாளியாக இருக்கத் தடையில்லை. பொருத்தமான உடன்பிறப்பு கிடைத்து, பதினான்கு வயதுக்குள் சிகிச்சை நடந்தால் இன்று நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் பிழைப்பு எதிர்பார்க்கப்படுகிறது. உடன்பிறப்பு இல்லாதவர்களுக்காக 2009-இல் சென்னையில் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகள் தேடித் தருகின்றன. தாய் அல்லது தந்தையிடமிருந்து பாதிப் பொருத்தத்தில் எடுத்தும் செய்கிறார்கள். அதில் மஜ்ஜை ஒட்டாமல் போவதும் சிக்கல்களும் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பிள்ளைக்கு ரத்தம் என்றதும் ‘நான் கொடுக்கிறேன்’ என்று முதலில் கையை நீட்டுபவர் அப்பாதான். பின்னாளில் மஜ்ஜை மாற்றும் எண்ணம் இருந்தால் நெருங்கிய உறவினரின் ரத்தத்தை ஏற்றக் கூடாது. அதனால் பிள்ளையின் உடல் குடும்பத்தாரின் திசுவை எதிர்க்கப் பழகிவிடலாம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் பிற்காலத்து மாற்று சிகிச்சைக்கு அதுவே தடையாகிவிடும்.

வார்டில்

முன்தயாரிப்பு மருந்துகள் பிள்ளையின் மஜ்ஜையை ஒரு வார அளவில் அழிக்கின்றன. பிறகு கொடையாளியின் இடுப்பெலும்பிலிருந்து மயக்கத்தில் உறிஞ்சி எடுத்த மஜ்ஜை, சாதாரண ரத்தம் போலவே ரத்தக்குழாய் வழியாக ஏறுகிறது. அதில் அறுவை சிகிச்சையே இல்லை என்பது பல பெற்றோருக்கு வியப்பாக இருக்கும். புது மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கும் இரண்டு, மூன்று வாரம்தான் கடினமானது. வாய் முழுவதும் புண், முடி உதிர்வு, காய்ச்சல். வடிகட்டிய காற்றுள்ள அறையில் தாய் மட்டும் முகமூடியோடு கூட இருப்பாள். புதிய எதிர்ப்பு அணுக்கள் பிள்ளையின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்கும் ஜி.வி.எச்.டி. என்ற நிலை வரலாம். மஜ்ஜை ஒட்டாமல் போய்ப் பழைய தலசீமியாவே திரும்பவும் கூடும். அறையைவிட்டு வெளியே வந்த பிறகும் சில மாதங்கள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வீடு எடுத்துத் தங்க வேண்டும். தந்தை வேலையை விடுவதும், மற்றப் பிள்ளை பாட்டி வீட்டில் இருப்பதும் சிகிச்சைச் செலவில் எழுதப்படாத செலவுகள்.

முடிவெடுப்பவர்கள்

புற்றுநோய் வந்த பிள்ளையின் பெற்றோருக்கு வேறு வழியில்லை. தலசீமியாப் பெற்றோருக்கோ பிள்ளை இன்று நன்றாக இருக்கிறது. ‘ஓடியாடிக்கிட்டுத்தானே இருக்கான், இவனைக் கொண்டுபோய் அந்த வார்டுல அடைக்கணுமா?’ என்று பாட்டி கேட்பதில் நியாயம் உண்டு. ஓடியாடும் பருவமே மாற்றுக்கு ஏற்ற பருவம் என்பதுதான் கொடுமை. பயந்து தள்ளிப்போட்டால் கல்லீரல் வீங்கி, அதே சிகிச்சை ஆபத்தானதாக மாறுகிறது. இதனால் பொருத்தப் பரிசோதனையை மட்டுமாவது சிறுவயதிலேயே செய்துவிடுவது என் கருத்தில் சரி. பொருத்தம் தெரிந்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம். தெரியாமலே ஆண்டுகள் போவது நல்லதல்ல. கல்லீரலில் நார்த்தழும்பு எந்த அளவு, இந்த மருத்துவமனையில் இதே வகுப்புப் பிள்ளைகள் எத்தனை பேருக்குச் செய்தீர்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்கப் பெற்றோர் தயங்கக் கூடாது. பொதுவான விகிதம் வேறு, அந்த வார்டின் விகிதம் வேறு.

வீட்டில் பழி பெரும்பாலும் தாய்மேல் விழுகிறது. நோய் வருவதற்கு இரு பக்கமும் சமமாகக் காரணம் என்பதை மருத்துவர் உறவினர் முன்னிலையில் சொல்வது பேருதவி. மஜ்ஜை தரும் தம்பியோ தங்கையோ ஐந்து வயதாக இருக்கலாம். அதற்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. அந்தப் பிள்ளையின் நலனை மட்டும் பார்க்கும் வேறொரு மருத்துவர் அதைப் பரிசோதிப்பது நல்ல வழக்கம். நோயுற்ற பிள்ளை பத்து வயதைத் தாண்டியிருந்தால் அதனிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பல ஆண்டு ஊசி பார்த்த பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிட அதிகம் தெரியும்.

செலவு பெரும்பாலும் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும். கோல் இந்தியா நிறுவனத்தின் ‘தலசீமியா பால் சேவா’ திட்டம் 2017 முதல் தகுதியுள்ள குடும்பங்களுக்கு 10 லட்சம் வரை தருகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தலசீமியாவையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சைக்குக் கொடையாளியே வேண்டாம், பிள்ளையின் சொந்த மஜ்ஜை அணுக்களையே திருத்துகிறார்கள். அப்போது அறிவிக்கப்பட்ட அதன் விலை 28 லட்சம் டாலர்.

பிறகு

மாற்று வெற்றியானாலும் பழைய இரும்பு உடம்பிலேயே இருக்கும். அதை எடுக்க, இதுவரை ரத்தம் ஏற்றிக்கொண்ட பிள்ளையிடமிருந்து அவ்வப்போது ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். தடுப்பூசிகளை முதலிலிருந்து மறுபடி போட வேண்டும். முன்தயாரிப்பு மருந்துகள், குறிப்பாகப் புசல்ஃபான், பெண் பிள்ளைகளின் கருமுட்டைகளைக் கடுமையாகப் பாதிக்கும். எனவே சூலகத் திசுவையோ விந்தணுவையோ முன்கூட்டியே சேமிக்க முடியுமா என்று சிகிச்சைக்கு முன்பே கேட்க வேண்டும். மாறியது மஜ்ஜை மட்டுமே. கருமுட்டையிலும் விந்திலும் பழுதான மரபணு அப்படியே இருப்பதால், குணமடைந்தவருக்குப் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளும் குறைந்தது மைனராகவாவது இருப்பார்கள். அவருக்கு வரன் பார்க்கும்போது வரப்போகும் மணமகனுக்கோ மணமகளுக்கோ எச்.பி.எல்.சி. பரிசோதனையை முதலிலேயே செய்துவிட வேண்டும்.