கோதையாற்று மின்சாரமும் அண்ணலின் பாதித் திட்டமும்

பேச்சிப்பாறை அணையைப் பார்க்கப் போனால் அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினின் பெயரைச் சொல்வார்கள். மன்னர் மூலம் திருநாளின் பெயரைச் சொல்வார்கள். 1897இல் தொடங்கி 1906இல் முடிந்த அந்த அணைக்குக் கல் சுமந்தவர்களைப் பற்றிப் பேச ஆள் இல்லை.

திருவிதாங்கூர் அரசு 1855இல் அடிமை முறையை ஒழிக்கும்வரை, நாஞ்சில் நாட்டு வயல்களில் புலையரும் பறையரும் விலைக்கு வாங்கி விற்கப்பட்டவர்கள். அடிமை முறை சட்டத்தில் ஒழிந்தது. நிலம் கைமாறவில்லை. அரை நூற்றாண்டு கழித்து அணைத் தண்ணீர் வந்தபோது கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு போகமும் நிலம் உடையவர்களுக்கு உறுதியானது. நம் பாட்டன் பாட்டிகளுக்கு உறுதியானது இரண்டு போகத்துக்கும் நடவும் அறுப்பும்தான்.

இதே ஆற்றிலிருந்து பிறகு மின்சாரமும் வந்தது. 1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் மாநில மின்வாரியம் உருவானது. கோதையாற்றின் மேல்பகுதியில் அணை கட்டி, நீரைக் குழாய் வழியே மலைச்சரிவில் இறக்கி, 1970–71இல் வாரியம் இரண்டு மின்நிலையங்களை இயக்கியது. முதலாவது 60 மெகாவாட், இரண்டாவது 40. சுழலியைச் சுற்றிவிட்டு வெளியேறும் தண்ணீர் பேச்சிப்பாறை அணைக்கே வந்து சேர்கிறது. அங்கிருந்து கால்வாய்களில் இறங்கி வயலுக்குப் போகிறது. ஒரே தண்ணீர், இரண்டு வேலை. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

அரசே மின்சாரம் தயாரித்து மக்களுக்குக் கொடுக்கும் இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது? 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையில்தான் இருந்தன. நாட்டின் மின்வளர்ச்சியைத் திட்டமிட ஒரு மத்திய தொழில்நுட்ப அமைப்பு உருவானதும், தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்துக்கு அடித்தளம் போடப்பட்டதும் அவர் காலத்தில். மின்சாரம் இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் வறுமைச் சுழலிலிருந்து மக்கள் வெளியேற முடியாது என்று 1943இலேயே அவர் வாதிட்டார். மாநில மின்வாரியங்களுக்கு வழி செய்த மின்வழங்கல் சட்டம் 1948இல் வந்தது. பள்ளிக்கூடத்தில் நமக்கு அரசியல் சட்டம் எழுதிய அம்பேத்கரை மட்டும் காட்டி நிறுத்திவிடுகிறார்கள்.

தாமோதர் திட்டத்துக்கு முன்மாதிரி, அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம். அந்த ஆணையம் அணைத் தொழிலாளர்களுக்காக நாரிஸ் என்ற மாதிரி நகரத்தைக் கட்டியது. அதில் கறுப்பின மக்கள் குடியேற அனுமதி இல்லை. பொதுத்துறை என்பதாலேயே அது எல்லோருக்குமானதாகிவிடாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அண்ணலுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் 1947இல் எழுதிய ‘மாநிலங்களும் சிறுபான்மையினரும்’ நூலில் அவர் அடிப்படைத் தொழில்களை மட்டும் அரசு நடத்தச் சொல்லவில்லை. விவசாய நிலத்தையும் அரசு எடுத்து, சாதி பார்க்காமல் கிராம மக்களுக்குக் குத்தகைக்கு விடச் சொன்னார். மின்சாரம் அரசிடம் வந்தது. நிலம் வரவில்லை. திட்டத்தில் பாதி நிறைவேறியது, பாதி கிடப்பில் போனது.

விளைவு என்ன? தமிழகத்தில் பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கு வந்து, பிறகு எல்லா விவசாயிகளுக்கும் விரிந்தது. குடிசைக்குக் கிடைத்தது ஒற்றை விளக்கு. 2011 கணக்கெடுப்பின்படி மாநில மக்கள் தொகையில் நாம் 20 விழுக்காடு. சாகுபடி நிலத்தில் பத்தில் ஒரு பங்குகூட நம்மிடம் இல்லை. கிணறும் மோட்டாரும் யாரிடம் இருந்தனவோ, மானியம் அவர்களிடம் போனது. மேலே மலையில், நீர்த்தேக்கத்தைச் சுற்றிய காணி மக்களின் குடியிருப்புகள் சிலவற்றுக்குக் கரையேற நெடுங்காலம் படகுதான் வழி.

ஆனாலும் வாரியம் நமக்கு ஒன்றைக் கொடுத்தது: வேலை. இட ஒதுக்கீட்டில் கம்பியாளராக, கணக்கராக, பொறியாளராக நுழைந்தவர்களின் வீடுகளிலிருந்துதான் நம்மில் பலர் கல்லூரிக்கு வந்தோம். ஆதிக்கச் சாதித் தெருவின் மின்கம்பத்தில் நம் ஆள் சீருடையோடு ஏறியது சின்ன விஷயமா?

அந்தக் கதவு இப்போது சாத்தப்படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டுகளாகப் போராடுகிறார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் முப்பந்தல் காற்றாலைகளின் மொத்தத் திறன் கோதையாற்றைப் போலப் பல மடங்கு. அவற்றில் பெரும்பாலானவை தனியாருடையவை. அங்கே இட ஒதுக்கீடு கிடையாது. காற்று எல்லோருக்கும் பொது. காற்றாலை நிற்கும் நிலத்தின் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது?

குமரி மாவட்டத்துத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் ஊரில் பெரிய தெருவுக்கு எந்த ஆண்டு கரண்டு வந்தது, சேரிக்கு எந்த ஆண்டு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். இரண்டு ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.