கத்தியும் கட்டளையும்

படைவீரனுக்குப் பகைவன் யார்? எல்லைக்கு அப்பால் நிற்பவன் என்போம். அமெரிக்கப் படையிலிருந்த கறுப்பின வீரனைக் கேட்டிருந்தால், காலைதோறும் கண்ணாடி முன் தன் கையாலேயே ஏந்திய சவரக் கத்தியையும் பகைவர் பட்டியலில் சேர்த்திருப்பான். மழித்த மறுநாள் மோவாயிலும் கழுத்திலும் கொப்புளங்கள். அவற்றின்மீதே மீண்டும் கத்தி. குருதி, சீழ், தழும்பு. மழிக்காவிடிலோ, ஒழுங்கு மீறியவன் என்ற பழி!

இக்கட்டளைக்கு வலுவூட்டியது நச்சுப்புகை. 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ரு நகரருகே செருமானியர் குளோரின் புகையை ஏவினர். புகையைத் தடுக்க முகமூடி வந்தது. முகமூடி தோலோடு இறுகப் பொருந்த வேண்டும். அடர்ந்த தாடி அதற்குத் தடை. ஆகவே மழித்த முகம் உயிர்காக்கும் முகமாயிற்று. 1904-இல் காப்புரிமை பெற்ற ஜில்லெட்டின் கத்தி, 1918-இல் அமெரிக்க வீரர்தம் பையில் ஏறியது. 35 இலட்சம் கத்திகள், 3 கோடியே 20 இலட்சம் பிளேடுகள் என்பது கணக்கு. போர் முடிந்தது; பழக்கம் வீடு வந்தது.

காரணம் பொய்யன்று. ஆனால் கட்டளையிட்டோர் எந்த முகத்தை மனத்தில் வைத்து அளவெடுத்தனர்? நேராக வளரும் மயிருடைய வெள்ளையர் முகத்தையன்றோ! சுருண்டு வளரும் மயிரின் இயல்பு வேறு. அதன் மயிர்க்காலே வளைந்திருக்கும். கத்தி சாய்வாக நறுக்கியதும் நுனி ஈட்டிபோலக் கூராகிறது. வளரும்போது வளைந்து, பக்கத்துத் தோலிலேயே பாய்கிறது. தோலை இழுத்துப் பிடித்து ஒட்ட மழித்தால், வெட்டுப்பட்ட நுனி உள்ளே ஒடுங்கி, வெளிவராமலே சுவரைத் துளைக்கிறது. தன் மயிரையே அயற்பொருளெனக் கருதி உடல் போராடுகிறது. அந்தப் போரின் அடையாளமே கொப்புளம். கறுப்பின ஆடவருள் நூற்றுக்கு 45 முதல் 83 பேர்வரை இத்தொல்லைக்கு ஆளாவதாக மதிப்பிடுகின்றனர்.

1948-இல் அதிபர் ட்ரூமன், படையில் நிறவேற்றுமை ஒழிய ஆணையிட்டார். ஒரே அணியில் நிற்க இடம் கிடைத்தது. கத்தியின் சட்டம் மட்டும் ஒரே முகத்துக்குரியதாகவே நின்றது. 1956-இல் ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்னும் தோல் மருத்துவர் இருவர், இந்நோய் பிறக்கும் விதத்தை விளக்கி எழுதினர். கிருமியோ அழுக்கோ மூலமன்று, மழிப்பே மூலம். கத்தியை ஒதுக்கினால் நோய் ஒதுங்கும்!

அவ்வாறாயின் மழித்தே தீரவேண்டியவர் செய்வதென்ன? முதலில் ஒரு திங்களேனும் தோலுக்கு ஓய்வு. வளர்ந்த மயிர் தன் வலிமையாலேயே நிமிர்ந்து வெளிவரும். பிறகு, வெந்நீரால் மயிரை நனைத்து மென்மையாக்கி, நுரை பூசி, மயிர் சாயும் திசையிலேயே ஒருமுறை மட்டும் கத்தியை ஓட்டவேண்டும். தோலை இழுக்கலாகாது, சென்ற இடத்துக்கே திரும்பலாகாது. மங்கிய பிளேடு ஆகாது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல அலகு பூட்டியதும் ஆகாது; முதல் அலகு மயிரைத் தூக்க, அடுத்தது தோலுக்கடியில் நறுக்கும். விளம்பரங்கள் மெச்சும் வழவழப்பே இங்கு வினை! ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டும் மின்கருவி அதனினும் நன்று. உட்புகுந்த மயிரை ஊசிமுனையால் மெல்ல நிமிர்த்தலாம், பிடுங்கலாகாது. கறுப்பினத்தார் நெடுங்காலம் கையாண்டது மயிர் கரைக்கும் பொடி. நாற்றமோ அழுகிய முட்டையை ஒக்கும்; எனினும் நுனி மழுங்குவதால் குத்தாது. சில நிமிடம் மிகுந்தால் தோலையே சுட்டுவிடும். நாள்தோறும் பூசவும் இயலாது.

1970-இல் கடற்படைத் தலைவர் சும்வால்ட் தாடிக்கு இசைவளித்தார். அந்த இசைவு 1984-ஆம் ஆண்டோடு முடிந்தது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமொன்று, பிட்சா விற்கும் நிறுவனமொன்றின் தாடித்தடை கறுப்பினத்தார்மீது மிகுதியாக விழுகிறதெனக் கண்டது. 2020-இல் வான்படை, ஐந்தாண்டுவரை செல்லும் விலக்குச் சீட்டு வழங்க முன்வந்தது. ஆனால், சீட்டுப் பெற்றோருக்குப் பதவி உயர்வு காலந்தாழ்ந்தே வந்ததென்று 2021-இல் ஓர் ஆய்வு காட்டிற்று. அவர்களுள் மிகுதியானோர் எவர் என்று கூறவும் வேண்டுமோ?

2025-இல் தரைப்படை புதுவிதி செய்தது. 24 திங்களுக்குள் 12 திங்களுக்கு மேல் விலக்குத் தேவைப்படுவோரைப் பணியிலிருந்தே விடுவிக்கலாம் என்பது அவ்விதி. மயிர்க்காலையே அழிக்கும் லேசர் மருத்துவமும் இன்று உண்டு. அதற்கு உட்பட்ட முகத்தில், பணியைவிட்டு வந்தபின் விரும்பினாலும், தாடி முன்போல் வளர்வதில்லை.