இணையத்தின் மறதி: புகுபதிகைக்கும் அமர்வுக்கும் ஒரு வரலாறு

பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், நான் பல்லாண்டுகளாக எழுதிய கட்டுரைகளை ஓரிடத்தில் திரட்டி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது. அவற்றுட் பல, சந்தாதாரருக்கு மட்டுமே திறக்கும் ஓர் இணையத்தளத்தின் பெட்டகத்தில் இருந்தன. என்னிடம் சந்தா இருந்தது. பிரதி எடுப்பதற்கு இசைவும் பெற்றிருந்தேன். கணினித்துறையில் பணியாற்றும் என் பெறாமகன் அதற்கென ஒரு சிறு நிரலை எழுதித் தந்தார்.

இரவு முழுவதும் நிரல் ஓடியது. காலையில் நானூறுக்கும் மேற்பட்ட கோப்புகள் சேர்ந்திருந்தன. முதல் அறுபதும் கட்டுரைகளே. அறுபத்தோராவது கோப்பைத் திறந்தேன்: பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கம். மிகுதி அத்தனையும் அதே பக்கத்தின் பிரதிகள்.

"பெரியப்பா, வழங்கி எங்களை மறந்துபோச்சுது. நிரலுக்கு அது விளங்கேல்லை" என்றார் பெறாமகன்.

வழங்கி ஏன் மறக்கிறது? விடையைத் தேடியபோது அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று கிடைத்தது.

கடவுச்சொல் இணையத்தை விட மூத்தது. 1961 ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழில்நுட்பக் கல்வியகத்தில் பெர்னாண்டோ கொர்பாற்றோவும் அவரது குழுவினரும் நேரப்பகிர்வு முறைமை ஒன்றை இயக்கிக் காட்டினர். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தியமையால், ஒருவரது கோப்புகளை மற்றவரிடமிருந்து காக்கக் கடவுச்சொல் தேவைப்பட்டது. 1962 இல், வாரத்துக்கு நான்கு மணி நேரம் மட்டும் வழங்கப்பட்டிருந்த அலன் ஷேர் என்ற ஆய்வாளர், அது போதாமையால் கடவுச்சொற் கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். கதவு பிறந்த மறு ஆண்டே கள்ளச்சாவியும் பிறந்துவிட்டது.

ஆயினும் அந்த முறைமைக்கு ஒரு நன்மை இருந்தது. உள்ளே வந்தவர் விடைபெறும் வரை கணினி அவரை நினைவில் வைத்திருந்தது. 1989 இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்னர்ஸ் லீ முன்மொழிந்த உலகளாவிய வலை அவ்வாறு அமையவில்லை. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும். வழங்கி அதனைக் கொடுக்கும். அத்துடன் உறவு முடிந்தது. அடுத்த கணம் அதே வாசகர் மீண்டும் வந்தாலும் அவர் வழங்கிக்குப் புதியவரே. இந்த மறதி பிழையன்று. அது திட்டமிட்ட எளிமை. எவரையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாத வழங்கி, பெருந்தொகையானோருக்குப் பக்கங்களை வழங்க முடிந்தது.

வாசிப்பதற்கு அது போதுமானது, வணிகத்துக்குப் போதாது. 1994 இல் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் இளம் பொறியியலாளரான லூ மொன்ருல்லி இதற்கொரு தீர்வு கண்டார். வழங்கி ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுக்கும். உலாவி அடுத்த முறை வரும்போது அதனைத் திருப்பிக் காட்டும். இதுவே குக்கி.

நல்லூர்த் திருவிழாவுக்குச் சைக்கிளில் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பாதுகாப்பு நிலையத்தில் சைக்கிளை விட்டால் இலக்கமிட்ட துண்டு ஒன்று தருவார்கள். காவலருக்கு நமது முகம் நினைவில் இராது. துண்டைக் காட்டினால் போதும். புகுபதிகையின் பின் வழங்கி தரும் அமர்வு இலக்கமும் அத்தகையதே. துண்டு களவுபோனால் சைக்கிளும் போய்விடும். ஆகவேதான் அமர்வுக்குக் காலவரையறை வைத்தார்கள். குறித்த நேரம் கடந்ததும் துண்டு செல்லாதாகிவிடும்.

எனது அறுபத்தோராவது கோப்பில் நிகழ்ந்தது இதுதான். ஆனால் நிரல் அதை ஏன் உணரவில்லை? அடையாளம் காட்டாதவருக்கு 401 என்ற இலக்கத்துடன் மறுமொழி அளிக்கலாம் என்பது 1996 இல் வெளியான எச்.ரி.ரி.பி. 1.0 வரையறையிலேயே உண்டு. எனினும் தமக்கெனப் புகுபதிகைப் பக்கத்தை அமைத்துக்கொண்ட தளங்கள் பெரும்பாலும் அவ்வாறு முகத்தில் அறைவதில்லை. வருபவரை அப்பக்கத்துக்குத் திருப்பிவிட்டு, "எல்லாம் சரி" என்று பொருள்படும் 200 என்ற இலக்கத்தையே தருகின்றன. மனிதர் பக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொள்வார். நிரலோ இலக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தியடைந்துவிடும்.

பெறாமகன் நிரலைத் திருத்தினார். புதிய நிரல் முதலில் புகுபதிகைப் பக்கத்தைத் திறந்து, படிவத்தினுள் மறைந்திருக்கும் ஒருமுறைக் குறியீட்டை எடுத்து, கடவுச்சொல்லுடன் சேர்த்து அனுப்பும். கிடைக்கும் குக்கிகளை ஒரே பேழையில் பேணும். ஒவ்வொரு பக்கத்தையும் சேமிக்கும் முன்னர் மூன்று கேள்விகள் கேட்கும்: கேட்ட முகவரியிலேயே நிற்கிறோமா? "வெளியேறு" என்ற இணைப்பு உண்டா? கட்டுரையின் தலைப்பு உண்டா? ஒன்றேனும் பொய்த்தால் அப்பக்கத்தைச் சேமியாது, மீண்டும் ஒரு முறை புகுபதிந்து, விட்ட பக்கத்திலிருந்தே தொடரும். இரண்டாம் முறையும் தோற்றால் நின்றுவிட்டு மனிதரை அழைக்கும். கதவை ஓயாது தட்டினால் கணக்கே முடக்கப்படலாம் அல்லவா?

இங்கு சட்டமும் குறுக்கிடுகிறது. தமது கடவுச்சொற்களைத் தாமாகவே தந்த பயனர்களின் சார்பில் பேஸ்புக்கினுள் நுழைந்த பவர் வென்சர்ஸ் நிறுவனத்தின் மீது 2008 இல் வழக்குத் தொடரப்பட்டது. நிறுத்தும்படி பேஸ்புக் எழுத்தில் அறிவித்த பின்னர் பயனரின் சம்மதம் மட்டும் போதாது என 2016 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாறாக, கடவுச்சொல் இன்றி எவரும் காணக்கூடிய பக்கங்களைத் திரட்டுவது கணினி ஊடுருவற் சட்டத்துள் அடங்கும் சாத்தியம் குறைவு என, லிங்க்ட்இன் தொடர்பான வழக்கில் அதே நீதிமன்றம் 2022 இல் கருதியது. 1961 இல் கோப்புகளைக் காக்கப் பிறந்த கடவுச்சொல், இன்று பொதுவெளிக்கும் தனியிடத்துக்கும் இடையிலான எல்லைக்கல்லாக நிற்கிறது. ஆகவேதான் நான் நிரலுக்கு முன் இசைவைத் தேடினேன்.

இரண்டாம் இரவில் கட்டுரைகள் அனைத்தும் வந்து சேர்ந்தன. சில மாதங்களின் பின் அந்தப் பெட்டகம் நிரந்தரமாக மூடப்பட்டது. அன்று அறுபது கோப்புகளைப் பார்த்த மகிழ்ச்சியில் மிகுதியைத் திறவாமல் விட்டிருந்தால், என் எழுத்தின் பெரும்பகுதிக்குப் பதிலாக ஒரு பூட்டிய கதவின் படங்களே எஞ்சியிருக்கும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது புகையை எல்லோரும் கண்டனர். கணினியில் நிகழும் இழப்புக்குப் புகை இல்லை. கோப்புகளின் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். உள்ளே மட்டும் ஒன்றும் இராது. அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை மீண்டும் ஒரு முறை வாசி என்று இளம் நிருபனாக இருந்தபோது எனக்குக் கற்பித்தார்கள். எதையேனும் சேமிக்க முனைவோருக்கும் அதற்கு மேலான அறிவுரை என்னிடம் இல்லை.